கொடைமடமும் பூனையின் குருதிச் சோதனையும்

கடையெழு வள்ளல்களைப் பாடம் நடத்தும்போது பேகனிடம் வந்ததும் மாணவர்கள் சிரிப்பார்கள். மயிலுக்கு எதற்குப் போர்வை என்பது அவர்கள் கேள்வி. பதினேழு ஆண்டுகளாக நானும் ஒரே விடையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்: கொடுப்பது என்று வந்துவிட்டால் ஆராயாமல் கொடுப்பதே பெருமை, பரணர் அதைக் 'கொடைமடம்' என்றார், புகழ்ச்சியாகவே என்றார். பேகனின் பொதினி நமக்கு அயலூரும் அன்று; இன்றைய பழனிதான். ஆகவே கொடைமடம் நம் பக்கத்து மண்ணின் குணம் என்றுகூட வகுப்பில் பெருமையடித்திருக்கிறேன். சென்ற மாதம் முதல் அப்படிச் சொல்ல நா எழவில்லை. காரணம் ஒரு பூனை.

எங்கள் துறை மாணவி ஒருத்தி. வீடு சிங்காநல்லூர்ப் பக்கம். தந்தை லேத் பட்டறையில் வேலை செய்பவர். அவள் வளர்த்த எட்டு மாதப் பூனைக்கு வயிறு உப்பியது, காய்ச்சல் தணியவில்லை, தீனி எடுக்கவில்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, ஏன் என்று அறிய இரத்தச் சோதனையும் ஸ்கேனும் வேண்டும், நீரையும் எடுத்து ஆராய வேண்டும் என்றார் மருத்துவர். எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய். அவள் துறையின் வாட்ஸப் குழுவில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

முதல் நான்கு நாட்களில் வந்த பணம் 650 ரூபாய். அறிவுரைகளுக்குக் குறைவில்லை. பூனைக்குப் போய் ஸ்கேனா என்றார் ஒருவர். சோதனை எழுதிக் கொடுப்பதே ஒரு வியாபாரம் என்றார் இன்னொருவர். காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கு உடைத்துக் கொடு என்றார் மற்றொருவர். பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. நல்லவேளையாக அவளுக்கு அது தெரிந்திருந்தது. ஐந்தாம் நாள், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பூனையின் படத்தை அவள் இட்டாள். அன்று மாலைக்குள் ஏழாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. மறுநாள் விடியலில் பூனை இறந்துபோனது. என்ன நோய் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது.

முதல் நான்கு நாட்களும் வாய் திறவாதிருந்தவர்களுள் நானும் ஒருவன். ஐந்தாம் நாள் ஐந்நூறு ரூபாய் அனுப்பியவர்களுள்ளும் ஒருவன். ஆகவே இது பிறரைக் குறைகூறும் கட்டுரை அன்று. ஆனால் கேட்டாக வேண்டிய கேள்வி இது: அறிவதற்குக் கேட்டபோது இறுகிய கை, அழுவதற்குக் கேட்டபோது எப்படித் திறந்தது?

மருந்துக்குப் பணம் கேட்டால் கொடுக்கிறோம். அறுவை மருத்துவத்துக்குக் கொடுக்கிறோம். படம் உருக்கமாக இருந்தால் இன்னும் கொடுக்கிறோம். சோதனைக்கு என்றால் மட்டும் ஐயம் வந்துவிடுகிறது. சோதனை குணப்படுத்துவதில்லை, அதன் முடிவு ஒரு தாள். தாளுக்குப் பணம் கொடுத்ததில் நம் ஈகை கண்ணுக்குத் தெரிவதில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே தீர்க்கும் வழியைத் தேடச் சொல்கிறது. மருத்துவமனைச் சுவர்தோறும் அக்குறளை எழுதி வைத்திருக்கிறோம். பணம் கொடுக்கும்போது மட்டும் முதலிரண்டையும் தாண்டி மூன்றாவதற்கு ஓடுகிறோம்.

சோதித்துத்தான் என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. இளம்பூனைக்கு வயிற்றில் நீர் கோத்தால் மருத்துவர்கள் முதலில் ஐயுறுவனவற்றுள் ஒன்று எஃப்.ஐ.பி. பூனைகளின் குடலில் பெரும்பாலும் தீங்கின்றி வாழும் ஒருவகைக் கொரோனா நுண்கிருமி, சிலவற்றின் உடலில் உருமாறி உண்டாக்கும் நோய் அது. பத்தாண்டுகளுக்கு முன்பு அது வந்தால் சாவு ஏறத்தாழ உறுதி. அன்று அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்தது. 2019இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜி.எஸ்.441524 என்னும் மருந்தை நோயுற்ற 31 பூனைகளுக்குக் கொடுத்து, 25 பூனைகள் நெடுநாள் பிழைத்திருந்ததை வெளியிட்டனர். கொவிட் காலத்தில் நாம் அலைந்து தேடிய ரெம்டெசிவிருக்கு மிக நெருங்கிய உறவு கொண்டது அம்மருந்து. 2023இல் சைப்ரஸ் தீவில் இந்நோய் கொள்ளைநோயாகப் பரவியபோது, மனிதர்களுக்கென வாங்கி எஞ்சியிருந்த கொவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்கு வழங்க அந்நாட்டு அரசே முன்வந்தது. பெடர்சன் குழுவினர் வகுத்த மருத்துவம் 12 வாரங்கள் நீள்வது, செலவும் மிகுதி. நோய் இன்னதென்று தெரியாமல் அதில் இறங்க முடியுமா? வயிற்றில் நீர் கோப்பதற்கு இதயக் கோளாறும் காரணமாகலாம், கல்லீரல் கோளாறும் கட்டியும் காரணமாகலாம்.

சோதனை என்றாலே ஆயிரக்கணக்கில் செலவு என்பதும் முழு உண்மை அன்று. ரிவால்டா சோதனை என்று ஒன்று உண்டு. காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி அசிட்டிக் அமிலத்தைக் கலந்து, பூனையின் வயிற்றிலிருந்து எடுத்த நீரை அதில் ஒரு சொட்டு விடுவார்கள். சொட்டு கரைந்து மறைந்தால் எஃப்.ஐ.பி. இருக்கும் வாய்ப்பு குறைவு. கரையாமல் உருக்கொண்டு நின்றால் மேலே ஆராய வேண்டும். அதுவே முடிந்த முடிபு ஆகாது. ஆனால் அடுத்த ரூபாயை எங்கே செலவிடுவது என்பதை அது சொல்லிவிடும்.

இனி, எப்போதும் எழும் பெருங்கேள்விக்கு வருவோம். மனிதனுக்கே மருத்துவம் கிடைக்காத நாட்டில் பூனைக்குச் சோதனையா? கேள்வி நியாயமானதுதான், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அரசு மருத்துவமனை வாசலில் நிற்பவனுக்கு உண்மையாகவே உதவிக்கொண்டிருப்பவர் கேட்டால் தலைவணங்கிக் கேட்பேன். நான் கண்டவரையில் அப்படிப்பட்டவர்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. எங்கள் குழுவில் இதைக் கேட்டவர் அந்த நான்கு நாட்களில் எந்த மனிதனுக்கும் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. பூனைக்குக் கொடுக்காத பணம் தானாக ஏழையிடம் போய்ச் சேர்வதில்லை. நம் பையிலேயேதான் கிடக்கிறது.

சோதனை நமக்குப் புரியாத பொருளா என்றால் அதுவும் இல்லை. நாமக்கல் கோழிப் பண்ணையாளரைக் கேட்டுப் பாருங்கள். நாலு கோழி சேர்ந்தாற்போல் செத்தால் ஒன்றை அறுத்துப் பார்க்காமல் மற்றவற்றுக்கு மருந்து ஊற்றுவாரா? பால் சங்கத்தில் கொழுப்பைச் சோதிக்காமல் பாலுக்கு விலை போடுவார்களா? நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலும் 2020இல் ஒன்று வந்துவிட்டது. வருமானம் தரும் உயிர் என்றால் காரணம் அறியாமல் நாம் ஒரு காசும் செலவிடுவதில்லை. அன்புக்காக வளர்க்கும் உயிர் என்றால் மட்டும் கண்ணீர் போதும், அறிவு வேண்டாம் என்று எவர் விதித்தது?

நம்மிடம் இதற்கொரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: மொய். திருமண வீட்டில் மொய் எழுதுகிறவர் மணமக்களின் படத்தைப் பார்த்து உருகிக் கொடுப்பதில்லை. இன்று இவர் வீட்டுக்கு, நாளை நம் வீட்டுக்கு என்ற கணக்கில் கொடுக்கிறார். தொகை நோட்டில் ஏறுகிறது. வாங்கியவரும் தலைகுனிய வேண்டியதில்லை. பூனை வளர்ப்போர் பத்துப் பேர் சேர்ந்து அப்படியொரு நோட்டைத் தொடங்கட்டும். நோய் வருமுன்பே மாதம் நூறு ரூபாய் போடட்டும். நோய் வந்தால் அன்றே சோதனைக் கட்டணத்தை ஆய்வகத்துக்கு நேரே செலுத்தட்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, கொடுத்தவர் அனைவருக்கும் காட்டட்டும். மீதம் அடுத்த பூனைக்கு. சோதனை வியாபாரம் என்று ஐயுறுவோர்க்கும் இதைவிடத் தெளிவான விடை கிடையாது. பிழைக்காது என்று சோதனை சொன்னால், வலியில்லாமல் விடைகொடுக்க அந்தத் தாள் உதவுமே, அதுவும் பயன்தானே?

பேகனின் மயிலுக்கு என்ன கெட்டுப்போயிற்று? போர்வை வீணாயிற்று, அவ்வளவே. மயில் தன் வழியே போயிருக்கும். நோயுற்ற பூனையிடம் கொடைமடம் செல்லாது. நான்கு நாள் தாமதித்து வந்த ஏழாயிரம் அதற்குப் போர்வையாகக்கூட ஆகவில்லை.

அந்தப் பணம் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. திருப்பித் தரவா ஐயா என்று கேட்டாள். வேண்டாம், ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் வரவு வை என்றேன். என் பெயரில் இந்த மாதத்து நூறு ரூபாயும் அதில் ஏறியிருக்கிறது.