தூத்துக்குடியில் லாவெண்டர் விளையுமா? நாற்றுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

"காஷ்மீரில் லாவெண்டர் போட்டு லட்சக்கணக்கில் எடுக்கிறார்களாமே, நம்ம பக்கம் வராதா?" செல்போனில் காணொலி பார்த்துவிட்டு இப்படிக் கேட்கும் விவசாயிகள் அதிகமாகிவிட்டார்கள். நாற்று தருகிறோம், எண்ணெயைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் ஏற்றுமதி சுலபம் என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

காஷ்மீர்ச் செய்தி பொய்யல்ல. ஜம்மு பகுதியில், தோடா மாவட்டத்துப் பதர்வாவில் மக்காச்சோளம் போட்டு வந்த சிறு விவசாயிகள் பலர் லாவெண்டருக்கு மாறியிருக்கிறார்கள். மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பு 2016-ல் தொடங்கிய நறுமணப் பயிர்த் திட்டத்தில் அவர்களுக்கு நாற்று இலவசமாகக் கிடைத்தது. எண்ணெய் வடிக்கும் கலன்களும் அங்கேயே அமைக்கப்பட்டன. லிட்டர் 10,000 ரூபாய் என்று செய்திகளில் வருவது அந்த எண்ணெய்தான்.

ஆனால் பதர்வா 5,000 அடிக்கு மேல் உள்ள ஊர். குளிர்காலத்தில் பனி பெய்யும். லாவெண்டர் நன்றாகப் பூக்க அந்தக் குளிர் வேண்டும், எண்ணெய் இருப்பதோ பூங்கதிரில். நம் வெயிலில் செடி உயிரோடு நின்றாலும் பூ பேருக்குத்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரிசலில் தண்ணீர் கட்டினால் வேரும் அழுகிவிடும். தொட்டியில் வளர்த்துப் பார்ப்பது உங்கள் விருப்பம். ஏக்கர் கணக்கில் போட வேண்டாம்.

விலையும் நிலையானதல்ல. சோப்பு, வாசனைத் திரவியம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், அறை நறுமணம் என்று பயன் பல இருந்தாலும், இந்தச் சந்தையில் பல்கேரியாவும் பிரான்சும்தான் பெரிய கைகள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே பரப்பு கூடி, எண்ணெய் தேங்கி, விலை சரிந்து, செடியைப் பிடுங்கும் நிலை வந்தது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'லாவெண்டர் எண்ணெய்' பலவும் செயற்கை வாசனை கலந்தவை. அசல் எண்ணெயையே குடிக்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

நறுமணப் பயிர்தான் வேண்டும் என்றால் நம் மண்ணுக்கு ஏற்றவை எலுமிச்சைப்புல், பாமரோசா, வெட்டிவேர். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் வெட்டிவேரைத் தோண்டி எடுப்பது எளிது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருப்பதால் முதலில் பாசன நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைப்புல்லில் ஒரு டன் பசும்புல்லுக்கு 3 முதல் 5 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். ஆகவே வடிக்கும் கலன் வெகு தூரத்தில் இருந்தால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். நாலைந்து பேர் சேர்ந்து கலனுக்கு வழி செய்த பிறகு நடுவதுதான் சரி.

துறைமுகப் பேச்சுக்கு வருவோம். எண்ணெய் எடை குறைந்த, விலை கூடிய சரக்கு. அதற்குத் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் பெரிய ஆதாயம் இல்லை. வாங்குபவர் கேட்பது ஆய்வகச் சான்றும், சொன்ன அளவைத் தவறாமல் தரும் உறுதியும்தான். துறைமுகத்தால் நமக்கு உண்மையில் லாபம் தருவது பொதி பொதியாகப் போகும் இலைச் சரக்கு. அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: சென்னா. நம் பக்கத்தில் அவுரி என்றும் சொல்கிறோம், நீலச்சாய அவுரி வேறு. உலகச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்றே இதற்குப் பெயர். மலச்சிக்கல் மருந்துக்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்குகின்றன. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலிருந்து கே.கே.எம். 1 என்ற ரகமே வெளிவந்திருக்கிறது.

மானாவாரியில் வரும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. பூப்பதற்கு முன் முற்றிய இலையைப் பறித்து, நிழலில் மெல்லியதாகப் பரப்பிக் காய வையுங்கள். பச்சை நிறம் மாறாத இலைக்கே நல்ல விலை. வெயிலில் போட்டுப் பழுப்பானாலோ, மழையில் நனைந்து கறுத்தாலோ வியாபாரி விலையை இறக்கிவிடுவார்.

எந்தப் பயிரானாலும் திரும்ப வாங்கும் ஒப்பந்தம் என்று வந்தால் கம்பெனியின் பதிவு, ஜி.எஸ்.டி. எண், விலை, அளவு, எத்தனை நாளில் பணம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒப்பந்தத்தில் முன்பு விற்றுப் பணம் வாங்கிய இரண்டு விவசாயிகளின் தோட்டத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மண், நீர் பரிசோதனைக்கும் ரகத் தேர்வுக்கும் கிள்ளிகுளம் கல்லூரியையோ கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.