டிபன் பாக்ஸைத் திறக்கும் டிராஃபிக் போலீஸ்

"ரோடுன்னு ஒண்ணு இருந்தா டிராஃபிக் போலீஸ் வேணும்ல?"

நெட் நியூட்ராலிட்டி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என் துறை நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பத்து வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு. ஓடுகிற பாக்கெட்டுகளைப் பார்த்து 'இது வீடியோ, இது டோரன்ட், இது வாய்ஸ் கால்' என்று பிரிக்கும் மென்பொருளில் ஒரு சிறு பகுதி என் கைவேலை. அதனால் இதை வெளியே நின்று கல்லெறிபவன் எழுதியதாக நினைக்க வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான்: நெரிசலைச் சமாளிக்க டீப் பாக்கெட் இன்ஸ்பெக்ஷன் தேவையில்லை. தேவை என்று அடம்பிடிப்பவர்களின் கவலை நெரிசல் இல்லை.

இணையத்தில் போகும் எதுவும் பாக்கெட்டுகளாக உடைந்துதான் போகிறது. ஒவ்வொன்றும் ஒரு தபால் உறை மாதிரி. ஹெடரில் அனுப்புநர், பெறுநர் முகவரிகள். உள்ளே சரக்கு. வழியில் இருக்கும் ரூட்டருக்கு முகவரி போதும், உள்ளே இருப்பது அதன் வேலையே இல்லை. டீப் பாக்கெட் இன்ஸ்பெக்ஷன் என்பது உறையைப் பிரித்து, கடிதத்தைப் படித்து, பிறகு ஒட்டி அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது.

சில நேரம் படிப்பதோடு நிற்பதும் இல்லை. 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் என்ன செய்தது என்று பாருங்கள். ராப் டோபோல்ஸ்கி என்ற நெட்வொர்க் நிபுணர் பழைய பார்பர்ஷாப் குழுப் பாடல்களை பிட்டோரன்ட்டில் பகிர முயல்கிறார். இணைப்பு அறுந்துகொண்டே இருக்கிறது. தோண்டிப் பார்த்தால், நடுவில் இருக்கும் கருவி இரண்டு பக்கத்துக்கும் 'ரீசெட்' பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கிறது. 'இணைப்பை முறித்துக்கொள்' என்பது அதன் பொருள். அதில் அனுப்புநர் முகவரியாக காம்காஸ்ட் இல்லை, மறுமுனையில் இருப்பவரின் முகவரி இருக்கிறது. அதாவது தபால்காரர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, உங்கள் நண்பர் பெயரில் 'இனி எனக்கு எழுதாதே' என்று ஒரு கள்ளக் கடிதம் போடுகிறார். அதே வருடம் அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் ஒரு பைபிள் பிரதியை அனுப்பிச் சோதித்தது. அதுவும் தடைபட்டது. காம்காஸ்ட் சொன்ன பதில்: 'நாங்கள் தடுக்கவில்லை, தாமதப்படுத்துகிறோம்.'

'சரி, நெரிசல் உண்மைதானே? பகல்ல லாரிய ஊருக்குள்ள விடறதில்லையே?' என்பார் நண்பர். லாரி பெரியது என்பது வெளியிலிருந்தே தெரிகிறது. அதற்காக தார்ப்பாயை அவிழ்க்க வேண்டாம். டிரைவரின் டிபன் பாக்ஸைத் திறக்கவே வேண்டாம்.

இதை நான் சொல்வதை விட காம்காஸ்ட்டே நிரூபித்ததைச் சொல்லலாம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2008 ஆகஸ்டில் கண்டித்து உத்தரவிட்டது. நீதிமன்றம் 2010இல் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உத்தரவை ரத்து செய்தது என்பது தனிக்கதை. அதற்கு வெகுமுன்பே, 2008 முடிவதற்குள், காம்காஸ்ட் வேறு முறைக்கு மாறிவிட்டிருந்தது. அந்த முறை ஆர்எஃப்சி 6057 என்ற ஆவணத்தில் விரிவாக இருக்கிறது. ஒரு பகுதியின் பதிவேற்றப் பாதை 15 நிமிடம் 70 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கிறதா? அப்போது அதே 15 நிமிடம் தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இழுப்பவர் யார்? அவருடைய பாக்கெட்டுகளுக்குத் தற்காலிகமாக முன்னுரிமை குறையும். பயன்பாடு 50 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் பழையபடி ஆகிவிடும். அவர் பார்ப்பது சினிமாவா பைபிளா என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு என்ற கேள்வி மட்டும் போதுமாக இருந்தது.

'வாய்ஸ் கால் விக்குமே?' அதற்கும் வழி இருக்கிறது. எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை, ஹெடரை மட்டும் வைத்து, ஒவ்வொரு உரையாடலுக்கும் நியாயமான பங்கைப் பிரித்துத் தருகிறது. பெரிய டவுன்லோடுக்குப் பின்னால் சின்ன வாய்ஸ் பாக்கெட் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் இந்தப் பெட்டிகள் விற்கின்றன? என் பழைய வேலையிலிருந்து ஒரு நாள். நாங்கள் எழுதிய நிரலில் ஓர் அட்டவணை உண்டு. இந்தப் பக்கம் வகை, அந்தப் பக்கம் நடவடிக்கை: விடு, மெதுவாக்கு, தடு. ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் நான்காவதாக ஒன்று கேட்டது: குறித்துவை. எந்தச் சந்தாதாரர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று பதிவு வேண்டுமாம். எனக்கு அது அரை நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை, என்னிடமும் யாரும் கேட்கவில்லை. பிரித்துப் படிக்கும் கருவி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது இன்னொரு வரி மட்டும்தான்.

காம்காஸ்ட் அன்று பயன்படுத்தியது சாண்ட்வைன் நிறுவனத்தின் கருவி. 2017இல் அந்த நிறுவனம் கைமாறி, புரோசெரா என்ற இன்னொன்றோடு இணைந்தது. 2020 ஆகஸ்டில் பெலாரஸில் தேர்தலை ஒட்டி இணையம் முடக்கப்பட்டபோது அதே சாண்ட்வைனின் பெயர் வந்தது. அடுத்த மாதம் அவர்களே அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். எகிப்தில் மக்களைக் கண்காணிக்கவும் செய்திகளைத் தடுக்கவும் உதவியதாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அதைத் தடைப்பட்டியலில் வைத்தது. சீர்திருத்தங்களை ஏற்றதும் அக்டோபரில் நீக்கியது. கருவி அதேதான் என்று நான் சொல்லவில்லை. விற்பனைக்கு இருக்கும் திறமை ஒன்றுதான்.

'இப்பத்தான் எல்லாமே என்கிரிப்ட் ஆயிடுச்சே' என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. கடிதம் மறைந்தது உண்மை. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர், எஸ்என்ஐ என்ற இடத்தில், பெரும்பாலும் இன்னும் வெளிப்படையாகவே போகிறது. ஜியோ இந்த எஸ்என்ஐயைப் பார்த்துத் தளங்களைத் தடுப்பதை இணையம் மற்றும் சமூக மையத்தின் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். எந்தத் தளங்களைத் தடுக்க அரசு சொன்னது என்பதோ, 2009 விதிகளின்படி, ரகசியம்.

2015இல் நம்மில் லட்சக்கணக்கானோர் டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினோம். 2016இல் பாகுபாடான கட்டணங்கள் தடை செய்யப்பட்டன. 2018இல் நெட் நியூட்ராலிட்டிக் கொள்கையையே அரசு ஏற்றது. ஜெயித்துவிட்டோம் என்று கலைந்துபோனோம். ஆனால் அந்தக் கொள்கைக்குள் 'நியாயமான போக்குவரத்து மேலாண்மை' என்று ஒரு விதிவிலக்கு உட்கார்ந்திருக்கிறது. எது நியாயம் என்பது பூட்டிய அறையில் இருக்கும் பெட்டியின் அட்டவணையில் தீர்மானமாகிறது. அந்த அட்டவணையை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் அடுத்த முறை 'டிராஃபிக் போலீஸ் வேணும்ல' என்று யாராவது கேட்டால், வேணும் என்றே சொல்லுங்கள். வண்டிகளை எண்ணட்டும், தேவைப்பட்டால் நிறுத்தட்டும், எந்த விதியின்படி நிறுத்தினார் என்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பலகையில் எழுதிவைக்கட்டும். டிபன் பாக்ஸில் கை வைத்தால் மட்டும், அவர் பார்ப்பது போக்குவரத்து இல்லை.