பாட்டுக்குள்ளும் ஒரு சேரி

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்கிறார்கள் நம் தோழர்கள் சிலர். வாஸ்தவம். அதற்கு எண் மட்டும்தான் தெரியும். பல ஒலித்தடங்களை ஒன்றாகக் கலக்கும் மென்பொருள் செய்வது வெறும் கூட்டல் கணக்கு. குரல் ஒரு தடம், பறை ஒரு தடம், கீபோர்டு ஒரு தடம். சிடி தரம் என்றால் ஒரு வினாடியை 44,100 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எல்லாத் தடங்களின் எண்களையும் கூட்டிப் போடும். இதில் தீண்டாமை ஏது என்று கேட்கிறார்கள்.

கூட்டுவதற்கு முன்னால் ஒரு பெருக்கல் இருக்கிறது. எந்தத் தடத்தை எவ்வளவு ஏற்றுவது, இறக்குவது என்று எவனோ ஒருவன் விரல் முடிவு செய்கிறது. 6 டெசிபல் இறக்கினால் அலையின் உயரம் பாதி. 12 இறக்கினால் கால்வாசி. எங்கள் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்த இடத்தில் பறைக்குக் கிடைத்தது இந்தக் கால்வாசிதான். "குரலத் திங்குது சார், கொஞ்சம் பின்னாடி தள்ளிரலாம்" என்றார் ஒலிப்பதிவாளர். பின்னாடி! ஊருக்கு வெளியே வைத்தது போதாதென்று பாட்டுக்குள்ளும் ஒரு சேரி. அடித்த பெரியவர் கேட்டுவிட்டு, "தம்பி, நான் அடிச்சது எங்கப்பா?" என்றார்.

எது இசை, எது இரைச்சல் என்று வகுத்தது யார்? தோலைத் தீயில் காய்ச்சித்தான் பறையை ஏற்ற வேண்டும். ஏ.சி. அறையில் அது தொய்ந்துபோகும். அங்கே நெருப்பு மூட்ட விடுவானா? குச்சியின் வீச்சு திரையில் சிவப்பைத் தொட்டதும் 'கிளிப் ஆகுது' என்று லிமிட்டர் போட்டு முனையை நசுக்குகிறார்கள். ஆட்டக்காரன் காலைப் பார்த்து வேகம் பிடிக்கிற அடியை, கட்டம் போட்ட கோடுகளில் இழுத்து ஒட்டுகிறார்கள். அப்புறம் ஒரே ஒரு அடியை வெட்டி எடுத்து 'நாட்டுப்புறத் தாளம்' என்று பேர் வைத்துவிட்டால், வேண்டும்போதெல்லாம் ஒட்டிக்கொள்ளலாம். அடிச்சவனுக்கு ஒருநாள் கூலி. பேர்கூட வராது.

"நாம ஸ்டுடியோ கட்ட காசு ஏது?" என்று கேட்காதீர்கள். ஆடாசிட்டி என்றொரு மென்பொருள். அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டேனன்பர்க்கும் 1999-இல் தொடங்கி, 2000-இல் வெளியிட்டது. விலை கிடையாது. மூல நிரலே திறந்து கிடக்கிறது. (2021-இல் மியூஸ் குரூப் கைக்குப் போனபோது, பயனர் விவரம் சேகரிப்பதைப் பற்றிப் பெரிய சண்டை வந்தது. சும்மா கிடைக்கிறதென்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.) பழைய கம்ப்யூட்டரே போதும்.

மேடையில் பறையடிக்க ஆளிருக்கிறது. மௌஸ் பிடிக்க? கவிதைக்குப் பட்டறை, நாடகத்துக்குப் பட்டறை, விமர்சனத்துக்கு மூன்று நாள் முகாம். ஒலிக்கு ஒன்றுமில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கைதட்டினோம். அந்த வேலையை எத்தனை பேர் கற்றுக்கொண்டோம்?

அடுத்த முகாமில் ஒருநாளை இதற்கு ஒதுக்குங்கள். வெட்டவெளியில் தீ மூட்டிப் பதிவு செய்யுங்கள். பறைத் தடத்தை முதலில் ஏற்றி வைத்துவிட்டு, மற்றதை அதற்கேற்பச் சேருங்கள். இரைச்சலை நீக்க ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் எந்தத் துண்டைக் காட்டுகிறீர்களோ அதைத்தான் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். ஃபேன் சத்தத்தைக் காட்டுங்கள். ஒப்பாரிக்குப் பின்னால் அழுகிற பெண்களின் குரலைக் காட்டிவிடாதீர்கள். அடித்தவரையும் பாடியவரையும் பக்கத்தில் உட்காரவைத்தே ஏற்றி இறக்குங்கள்.