கமராவைப் போடச் சொல்வதற்கு முன்

அண்மையில் உருத்திரபுரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய மகன் வீடு திரும்பவில்லை. அன்று வெளிநாட்டில் இயங்கும் அமைப்பொன்றின் சூம் கூட்டத்தில் அவர் பேசவேண்டியிருந்தது. பேரனின் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கியது. அவருடைய முறை வர அரை மணித்தியாலத்துக்கு மேலானது. அதுவரை விளங்காத மொழியைக் கேட்டபடி, சீலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தே இருந்தார். "அம்மா, கமராவைப் போடுங்கோ, உங்கட முகம் தெரியவேணும்" என்று ஒரு குரல் வந்தது. போட்டதும் படம் உறைந்து, குரல் வெட்டி வெட்டிப் போனது. மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, "நேரம் முடிஞ்சுது அம்மா, நன்றி" என்றார்கள். கூட்டம் பதிவு செய்யப்படுகிறது என்ற ஆங்கில அறிவித்தல் திரையில் வந்தபோது பேரன் அதை அழுத்தி மறையச் செய்திருந்தான். பதிவு செய்யலாமா என்று அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

போனை அணைத்த பிறகு அவர் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, நான் சொன்னது அங்க ஆருக்கும் கேட்டதோ?"

இணையவழிக் கூட்டங்களில் எப்படி நடந்துகொள்வது என்று பட்டியல்கள் நிறைய உண்டு. நேரத்துக்கு வாருங்கள், கமராவைப் போடுங்கள், பேசாதபோது மைக்கை அணையுங்கள், அமைதியான அறையில் இருங்கள் என்று அவை சொல்லும். தனி அறையும், அறுபடாத இணைப்பும், ஆங்கிலமும் உள்ள அலுவலக ஊழியருக்காக எழுதப்பட்ட ஒழுங்குகள் இவை. வன்னியில் ஒரே போனில் பிள்ளையின் படிப்பும் தாயின் சாட்சியமும் நடக்கின்றன. இங்கே மரியாதையின் பெரும் பங்கு கூட்டத்தைக் கூட்டுபவருடையது என்பதே என் கருத்து.

இது சின்ன விடயம் அல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு அவர்களுடைய குரலில் ஒரு பகுதி திரைக்குள் போனது. 2021 இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46 ஆவது கூட்டத்தொடரே பெரும்பாலும் இணையவழியில்தான் நடந்தது. அதில் நிறைவேறிய 46/1 தீர்மானம், சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பை ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்துக்குக் கொடுத்தது. ஆகவே இன்று ஒரு தாய் திரையில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பெறுமதி இருக்கிறது. அவசரத்தில் பாதியில் வெட்டப்பட்ட பதிவுகள் பல இடங்களில் கிடந்தால், நாளை அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, "அன்று வேறு மாதிரிச் சொன்னீர்களே" என்று அவரையே மடக்கவும் முடியும்.

முதலில் நேரம். 1996 இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே நகர்த்தியபோது, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தோடே நின்றது. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரே தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. அந்தக் குழப்பத்தை அனுபவித்தவர்களுக்கு அழைப்பிதழில் இலண்டன் நேரத்தை மட்டும் போடுவது சரியல்ல. இலண்டனில் மாலை ஆறு மணி என்றால் இங்கே கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. இலங்கை நேரத்தை முதலில் எழுதுங்கள். வயதானவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பாத நேரமாகப் பாருங்கள்.

இரண்டாவது கமரா. சூமில் குரலுக்கு மட்டும் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் வரை போதும். தெளிவான படத்துக்கு ஏறத்தாழ 600 கிலோபிட் வேண்டும். அதாவது படத்தை நிறுத்தினால் டேட்டா ஏழில் ஒரு பங்குக்குக் கிட்டவாகக் குறையும், குரலும் நின்று பிடிக்கும். வன்னியிலிருந்து இணைபவர் கமராவை நிறுத்தி வைப்பது அசட்டை அல்ல. முகம் தெரியத்தான் வேண்டும் என்றால், தொடக்கத்தில் ஒரு நிமிடம் போட்டு வணக்கம் சொல்லிவிட்டு அணைக்கச் சொல்லலாம். ரீலோட் போடும் செலவையும் கூட்டுபவரே ஏற்கவேண்டும்.

மூன்றாவது மொழி. சூமில் மொழிபெயர்ப்புக்குத் தனி அலைவரிசை வைக்கும் வசதி இருக்கிறது. அதைக் கூட்டத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யவேண்டும். அதை எப்படித் தெரிவுசெய்வது என்று முதல் நாளே ஒருவர் அழைத்துச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். சாதாரண தொலைபேசி அழைப்பாக இணைபவருக்கு அந்த அலைவரிசை கேட்காது. அப்படியானவர் ஒருவர் இருந்தாலே, பேசுபவர் நிறுத்தி நிறுத்திப் பேச, அனைவருக்கும் கேட்கத் தமிழில் சொல்வதுதான் முறை.

நான்காவது பதிவு. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் புலனாய்வாளர்கள் தேடிவந்து விசாரிப்பது ஐ.நா. அறிக்கைகளிலேயே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த மக்கள் இவர்கள். பதிவு எதற்கு, யார் பார்ப்பார்கள், எங்கே வைக்கப்படும் என்பதைத் தமிழில் சொல்லி, "வேண்டாம்" என்று சொல்லும் இடத்தையும் கொடுத்த பிறகே பதிவு தொடங்கவேண்டும். அனுமதியில்லாமல் திரையைப் படமெடுத்து முகநூலில் போடுவதும் இதே தவறுதான்.

ஐந்தாவது பேசும் நேரம். மனித உரிமைகள் பேரவையில் அரசசார்பற்ற அமைப்புகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை நிமிடம். அங்கே அது விதி. எங்களுக்குள் நடக்கும் கூட்டத்திலும் அதையே ஏன் பின்பற்றவேண்டும்? நேர எல்லை தவிர்க்க முடியாதது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த அம்மா எதை முதலில் சொல்வது என்று தானே தீர்மானித்துக்கொள்வார்.

எங்கள் பக்கமும் கடமை இருக்கிறது. பத்து நிமிடம் முன்னதாக இணைந்து, குரல் கேட்கிறதா என்று பார்க்கலாம். பேசாத நேரம் மைக்கை அணைக்காவிட்டால் எங்கள் வீட்டுச் சேவலும் வீதியால் போகும் உழவு இயந்திரமும் மற்றவரின் பேச்சை விழுங்கிவிடும். கேட்கவில்லை, விளங்கவில்லை என்றால் கூச்சப்படாமல் உடனே சொல்லவேண்டும். பக்கத்து வீட்டவர்கள் கேட்கக்கூடாத பேச்சு என்றால் இயர்போன் போட்டால் மட்டும் போதாது, அவர்கள் எங்கள் குரலைக் கேட்பார்கள். இடமும் பார்த்து இருக்கவேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. பேசியவருக்கு அடுத்த நாள் ஓர் அழைப்பு எடுத்து, என்ன கேட்டது, இனி என்ன நடக்கும், ஒன்றும் நடக்காதென்றால் அதையும் சொல்லவேண்டும்.

உருத்திரபுரத்து அம்மாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. "கேட்டிருக்கும் அம்மா" என்றேன். அவர் போனைத் துடைத்துப் பேரனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பதிலை அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் கூட்டத்தைக் கூட்டியவர்கள். இதை எழுதும்வரை அவர்களிடமிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை.