மாத்திரையும் சோறும்

ஒரு மருந்து பலித்தது என்று டாக்டர்கள் அறிக்கை விடுகிறார்கள். யாருக்கு? எந்த வீட்டில்? என்ன சாப்பாட்டோடு? இதைச் சொல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

1956-ல் சென்னையில் ஆரம்பித்த காசநோய்ச் சோதனையைப் பாருங்கள். 193 நோயாளிகள், நகரத்து ஏழைகள். எல்லோருக்கும் ஐசோநயாசிட், பாஸ் என்ற அதே மருந்துகள், ஓராண்டுக்கு. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில், சத்தான சாப்பாடு, ஓய்வு. மற்றவர்களுக்கோ நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வும் குறைவு. ஆண்டு முடிவில் ஆஸ்பத்திரியில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. பெரிய வித்தியாசமில்லை!

"அப்படியானால் ஏழைக்கு மாத்திரை போதும், சோறு எதற்கு?" என்று கணக்குப் போடுவோர் உண்டு. பொய்க் கணக்கு! அங்கே மருந்து இலவசம். ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். மருந்தை விழுங்கினார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அந்தக் கவனிப்பு இல்லாத ஊரில் அதே மருந்து அதே பலனைத் தருமா?

சோற்றின் கதையும் வெளிவந்துவிட்டது. ஜார்க்கண்டில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வந்தது. நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளைவிட, குடும்பத்தார் அனைவருக்கும் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசம் பிடிப்பது 39 சதவீதம் குறைந்தது.