பரண் மேல மூணு பெட்டி

எங்க வீட்டுப் பரண் மேல மூணு செட்டாப் பாக்ஸ் கிடக்கு. ஒண்ணும் ரிப்பேர் இல்ல. மூணும் கைக்காசு போட்டு வாங்கினது. ஆனா இன்னைக்கு எடுத்து மாட்டினா ஒரு சேனல் வராது. ஒவ்வொரு தடவையும் கம்பெனி மாறினேன். பழைய கம்பெனிப் பெட்டி அன்னையோட செத்துப்போச்சு. இது ஒரு அநியாயம்னு டவுன்ல இருக்கிறவங்க யாருக்கும் தோணலையேங்கிறதுதான் என் ஆத்திரம்.

ஒரு மோட்டார் வாங்குறேன். "இது மேலத்தெருக்காரர் கிணத்துல மட்டும்தான் தண்ணி எடுக்கும், உங்க கிணத்துல இறக்கினா சுத்தாது"ன்னு கடைக்காரர் சொன்னா எவனாச்சும் வாங்குவானா? டிவிப் பெட்டியில மட்டும் வாயை மூடிக்கிட்டு வாங்குறோம்.

சட்டம் இல்லைன்னு நினைக்காதீங்க. 2001 மார்ச்சுல மத்திய அரசு டிடிஎச்சுக்கு வழிகாட்டு விதி போட்டப்பவே, ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிக்கும் பொருந்தணும்னு எழுதி வச்சாங்க. ஏட்டுல இருந்துச்சு, வீட்டுக்கு வரல. 2020 ஏப்ரல்ல டிராய் மறுபடியும் இதைக் கட்டாயமாக்கச் சொல்லி அரசுக்குப் பரிந்துரை அனுப்புச்சு. செல்போன் நம்பரை மாத்தாம கம்பெனி மாறுற வசதி 2011-லேயே நாடு பூரா வந்துடுச்சு. அது டவுன்காரங்களுக்கு வேண்டியிருந்துச்சு, வந்துச்சு. இதைக் கேக்க ஆளில்ல.

"இன்னும் டிஷ்ஷாண்ணே? ஃபைபர் இழுங்க, ஓடிடி பாருங்க"ம்பாங்க. எங்க கரிசக்காட்டுல மோட்டார் ரூம் வரைக்கும் எவன் ஃபைபர் இழுக்கிறான்? ஊருக்குள்ள இழுத்ததையே ரோட்டுக்குக் குழி தோண்டுறப்போ ஜேசிபி அத்துட்டுப் போகுது. வானத்துல இருந்து வர்றதை எந்த ஜேசிபியும் அறுக்க முடியாது.

சரி, கம்பெனிக்காரனுக்கு அடிமையாகாம, டிஷ்ஷைத் திருப்பிப் பாக்குற ஆசையும் இருக்கிறவன் எந்தப் பெட்டி வாங்கணும்? டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் "ஃப்ரீ டிஷ் பெட்டி"ன்னு கேட்டா ஏதோ ஒண்ணை எடுத்து நீட்டுவாங்க. "எல்லாம் ஒண்ணுதாண்ணே." ஒண்ணு இல்லவே இல்ல. தூர்தர்ஷனோட இந்த இலவசச் சேவை 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்ங்கிற பேர்ல ஆரம்பிச்சப்போ எல்லாம் எம்பெக்-2. இப்ப எம்பெக்-4 சேனலும் கலந்து வருது. பழைய எம்பெக்-2 பெட்டியில அதுக தெரியாது. எம்பெக்-4 பெட்டியில ரெண்டும் தெரியும். கொஞ்சம் காசு மிச்சம்னு பழசை வாங்குறது, ஓட்டை வாளி விலை மலிவுன்னு வாங்குற கதை.

பெட்டியில டிவிபி-எஸ்2 இருக்கான்னு பாருங்க. அலைவரிசையை நாமளே நம்பர் போட்டுச் சேத்துக்க முடியுதான்னு கடையிலேயே ரிமோட்டை வாங்கி அமுக்கிப் பாருங்க. நம்பர் தெரியாமலே தேடிக் குடுக்கிற பிளைண்ட் ஸ்கேன் இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு டிஷ் வைக்கிற எண்ணம் இருந்தா டைசெக் வேணும். அப்புறம் மறக்காம, பின்னாடி மஞ்சள், வெள்ளை, சிவப்பு குத்துற ஏவி ஓட்டை இருக்கணும். 2006-ல இருந்து அரசாங்கம் குடுத்த இலவசக் கலர் டிவி இன்னும் எங்க பக்கம் சில வீட்ல ஓடுது. எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டியை வாங்கிட்டு வந்து அதுல எங்க குத்துவீங்க?

இன்னொரு சாதி பெட்டி உண்டு. இன்டர்நெட் வழியா "கீ" ஏத்தி, காசு கட்டாம பே சேனல் காட்டுறது. அது கம்பத்துல கொக்கி போட்டுக் கரண்ட் எடுக்கிற மாதிரி. கம்பெனிக்காரன் மேல எனக்கு எம்புட்டுக் கோவம் இருந்தாலும் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

மதுரையில இருந்து ஃப்ரீ டிஷ்ஷைப் பிடிக்க, 93.5 டிகிரி கிழக்குல நிக்கிற ஜிசாட்-15-ஐப் பாக்கணும். தென்கிழக்கு முகமா, தரையில இருந்து 68, 69 டிகிரி ஏத்தம். கிட்டத்தட்ட உச்சி வானம், அதனால வேப்பமரம் மறைக்கிற தொல்லை குறைவு. மயில் தொல்லைக்குத்தான் மருந்து இல்ல. டிஷ் விளிம்புல வந்து உக்காந்துச்சுன்னா சமாச்சாரம் பாதியில நிக்கும், கல்லெடுக்கவும் முடியாது.

டிஷ் திருப்பக் கத்துக்கிறது வெட்டிப் பொழுதுபோக்குன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2010 ஜூலையில இன்சாட்-4பி செயற்கைக்கோள்ல மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டரை அணைச்சாங்க. சன் டைரக்ட் 91.5 டிகிரியில இருக்கிற மீசாட்-3-க்கு மாறுச்சு. ரெண்டு டிகிரிதான் வித்தியாசம், ஆனா டிஷ்ஷைத் திருப்பணும். ஊரே மெக்கானிக்குக்குக் காத்துக் கிடக்க, நட்டைத் தளர்த்தத் தெரிஞ்சவன் வீட்ல அன்னைக்கே சீரியல் ஓடுச்சு.

குறையையும் சொல்லணும். ஃப்ரீ டிஷ்ல நமக்குன்னு இருக்கிறது முக்கியமா டிடி தமிழ், 2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு இருந்தது. தனியார் சேனல் இடமெல்லாம் ஏலத்துல போகுது, எடுக்கிறதுல பெரும்பாலும் இந்திக்காரங்க. விவசாயிக்குன்னு 2015-ல ஆரம்பிச்ச டிடி கிசானும் இந்திதான் பேசுது. பருத்திக்கு எந்த மருந்து அடிக்கணும்னு இந்தியில சொன்னா எங்க அம்மாவுக்கு என்ன புரியும்? அதனாலதான் அவங்க சீரியலுக்கு இன்னொரு பெட்டிக்கு இன்னும் மாசாமாசம் கட்டுறேன். விடுதலையாகிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

மோட்டார் ரூம் மேல ஆறடி சி-பேண்ட் வலை டிஷ் ஒண்ணு வச்சிருக்கேன். கேபிள்காரங்களுக்காக இறக்குற சேனல்ல பூட்டுப் போடாத தமிழ்ச் சேனல் சிலது அதுல விழுது. ஐப்பசி மழை வலுத்து ஊர்ல எல்லா சின்ன டிஷ்ஷும் "நோ சிக்னல்" காட்டுறப்போ இது பாட்டுக்கு ஓடும். சின்ன டிஷ் வாங்குற கேயூ அலை குட்டை, கனமழை அதைக் குடிச்சுடும். சி-பேண்ட் அலை நீளம், மழை அதை அவ்வளவா தொடாது. புயல் எங்க கரை கடக்குதுன்னு தெரிய வேண்டிய நேரத்துல செய்தி வேணும்ல? இடி இடிச்சா மட்டும் வயரைக் கழட்டிப் போட்டுடுறேன்.

போன வாரம் பக்கத்துக் காட்டு மாப்ள வந்து, "மாமா, ஒரு கம்பெனிக்காரன் பெட்டி இலவசம்ங்கிறான், வாங்கிரட்டுமா?"ன்னான். பரண்ல ஏணி வச்சு ஏத்திவிட்டேன். மூணையும் எடுத்துப் பாத்துட்டு எறங்கி வந்து, "அந்த எஸ்2 பெட்டி என்ன விலை மாமா?"ன்னு கேட்டான்.