சொர்க்கத்தில் அறை காலி!

சொர்க்கம் உண்டு என்று சொன்னவர்களிடம் நாம் கேட்டோம்: "எங்கே இருக்கிறது? எத்திசையில்? போய்த் திரும்பியவர் யார்?" விடை வரவில்லை, வசவுதான் வந்தது. இன்று வேறொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அந்தக் கூட்டத்திடம் விடை தயார். "சொர்க்கம் இதோ! இந்துமாக்கடலில், வட அகலக்கோடு 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையே! தென்னை உண்டு, தெளிந்த கடல் உண்டு, குளிரூட்டிய அறை உண்டு. காலைச் சிற்றுண்டி வாடகையிலே அடக்கம்!"

இலங்கைத் தீவைத்தான் சொல்கிறார்கள். விளம்பரத்தில் அதற்குப் பெயர் சொர்க்கம். செத்த பிறகு கிடைக்கும் என்றார் புரோகிதர். பணம் கட்டியவுடன் கிடைக்கும் என்கிறார் விடுதி முதலாளி. முன்னவரைவிடப் பின்னவர் ஓரளவு நாணயமானவர், ரசீதாவது கொடுக்கிறார். ஆனால் இருவருக்கும் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு: "இந்தச் சொர்க்கம் யாருடைய மண்ணின்மேல் எழுந்தது? யாருடைய முதுகின்மேல் நிற்கிறது?"

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

டிசம்பர் பிறந்ததும் ஐரோப்பா பனியில் உறைகிறது. வெயிலைத் தேடி அங்குள்ளவர் தெற்கே பறக்கின்றனர். 2018-ல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகளும், 2024-ல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகளும் அத்தீவில் வந்திறங்கினர். நம் நாட்டு இளைஞர்களும் அரையாண்டு விடுமுறையிலே, சேமித்த சிறு தொகையோடு, "போய் வந்தால் என்ன?" என்று எண்ணத் தொடங்கியுள்ளனர். போகட்டும்! ஊர் சுற்றுவது அறிவை விரிக்கும். ஆனால் எங்கே தங்குவது என்ற பேச்சு வந்ததும் நம் தோழர்கள் பகுத்தறிவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். "தங்குமிடம்தானே! படம் அழகாக இருக்கிறது, விலை கட்டுப்படியாகிறது, முடித்துவிடலாம்" என்கின்றனர்.

முடித்துவிடலாமா? மேடையில் பேசும்போது மட்டும் விழித்திருந்து, பணம் செலவழிக்கும்போது உறங்கிவிடுவதற்குப் பெயர் பகுத்தறிவா?

முதலில் காற்றைக் கேட்போம். நாள் பார்ப்பார்கள், நட்சத்திரம் பார்ப்பார்கள், இராகுகாலம் கழித்து வண்டி ஏறுவார்கள். காற்றை மட்டும் பார்க்கமாட்டார்கள்! விடுதியின் வாசல் எத்திசை என்று கேட்பவர், காற்று எத்திசை என்று கேட்பதில்லை. வகுப்பறையிலே பருவக்காற்றைப் பாடமாக நடத்தும் நமக்கு இது வேடிக்கையாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது.

ஒரே தீவு, ஆனால் அதற்குப் பருவங்கள் இரண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. ஈழத்து மீனவர் அதைச் சோளகம் என்பர். அப்போது மேற்கும் தெற்கும் நனைகின்றன. நடுவே நிற்கும் மலைத்தொடர் மழையைத் தடுத்துக்கொள்வதால் கிழக்குக் கரை வெயிலில் குளிக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது நிலைமை தலைகீழ். திருகோணமலையும் நிலாவெளியும் பாசிக்குடாவும் அறுகம்பையும் மழையையும் கொந்தளிக்கும் கடலையும் காண்கின்றன. நீர்கொழும்பு தொடங்கி, பெந்தோட்டை, இக்கடுவை, காலி, மிரிசை, தங்காலை வரையுள்ள கரை அமைதி கொள்கிறது. ஆகவே டிசம்பரிலும் சனவரியிலும் கடலில் நீராட விரும்புவோர் தென்மேற்குக் கரையில் தங்குவதே அறிவு. கிழக்குக் கரைக்கு உரிய காலம் மே முதல் செப்டம்பர். மலைநாட்டு நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம்; சனவரி இரவுகளில் அங்கே கம்பளி இல்லாமல் உறங்க முடியாது.

இந்தச் சிறு செய்தியை அறியாமல், படத்திலே நீலக்கடலைக் கண்டு டிசம்பரில் நிலாவெளிக்குப் போய், மூன்று நாள் சன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டு, "நேரம் சரியில்லை" என்று கிரகத்தைப் பழிப்பவர் உண்டு. சனி என்ன செய்தான், பாவம்! காற்று தன் கடமையைச் செய்தது. இவர்தான் தம் கடமையைச் செய்யவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிய கப்பல் ஒரு வாரத்துக்குள் பருவமழையின் பொருட்டு நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. கொடியசைத்தவரின் பெருமையைக் கேட்டுக் கடல் அடங்கிவிடுவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் தாக்கியபோது, வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600-க்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். மழைக்காலத்தில் மலைச்சரிவு ஓரத்து அறையை "காட்சி நன்றாக இருக்கும்" என்று எடுப்பவர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

காற்றைக் கேட்டாயிற்று. இனி மண்ணைக் கேட்போம்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் மட்டும் 30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பிணங்களை எண்ணி முடிப்பதற்குள் ஒரு சட்டம் வந்தது: தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீட்டருக்குள், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டருக்குள், யாரும் வீடு கட்டக்கூடாது! காரணம், பாதுகாப்பு. நல்லது. ஆனால் மீனவன் குடிசை போடக்கூடாத அதே மணலிலே சுற்றுலா விடுதிகளுக்கு வழி விடப்பட்டது! கடல் என்ன, ஓலைக்குடிசையைத் தேடி அழிக்கும், ஓட்டல் மாடியைக் கண்டால் வணங்கித் திரும்பும் என்று வரம் கொடுத்திருக்கிறதா? எதிர்ப்பு வலுத்த பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் கரை யாருக்கு என்ற கேள்விக்கு ஆட்சியாளர் மனத்தில் இருந்த விடை அன்றே அம்பலமாயிற்று.

கரை என்பது மீனவனுக்குக் காட்சிப்பொருளன்று. கரைவலை இழுப்பதற்கு நீண்டு திறந்த மணல் வேண்டும். வள்ளம் ஏற்ற இடம் வேண்டும். கருவாடு காயவைக்க வேண்டும். வலை உலர்த்த வேண்டும். வாடி போட வேண்டும். அந்த மணலின் குறுக்கே ஒரு மதில் எழுந்தால், மதிலுக்குள் இருப்பவருக்கு அது சொர்க்கம்; வெளியே நிற்பவனுக்கு அது பட்டினி.

இதைவிடக் கொடியதும் உண்டு. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலே 1990-ல் மக்கள் ஊர்விட்டு விரட்டப்பட்டனர். அவர்கள் மண் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009-ல் போர் முடிந்தது. போர் முடிந்தால் வீடு திரும்பலாம் என்று நலன்புரி முகாம்களிலே காத்திருந்தனர். அவர்கள் காத்திருந்தபோதே, காங்கேசன்துறைக் கடற்கரையில், அதே வலயத்துக்குள், இராணுவம் நடத்தும் விடுமுறை விடுதி திறந்து விருந்தினரை வரவேற்றது! மண்ணுக்குரியவன் உள்ளே வந்தால் பாதுகாப்புக்கு ஆபத்து; மது அருந்த வரும் விருந்தினன் வந்தால் ஆபத்தில்லை! இது எந்த நாட்டு நீதி? நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது உண்மை. அதற்கும் ஒரு தலைமுறை தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

"இது இனச்சிக்கல்" என்று ஒதுக்கப் பார்ப்போர் பாணமைக்கு வரட்டும். கிழக்குக் கரையின் தென்கோடியில் உள்ள அந்த ஊரிலே 2010 சூலையில் உழவர் குடும்பங்கள் ஆயுத முனையில் வெளியேற்றப்பட்டன; குடிசைகள் எரிக்கப்பட்டன. பின்னர் அங்கே படையினர் அமர்ந்தனர். சுற்றுலா விடுதியும் முளைத்தது. வெளியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் சிங்களவர்! 2015 பிப்ரவரியில் நிலத்தைத் திருப்பித் தர அமைச்சரவை முடிவெடுத்தும், அந்த ஏழைகள் தம் மண்ணுக்காகத் தொடர்ந்து போராட நேர்ந்தது. விடுதிக்கு மண் தேவைப்பட்டால், அது தமிழன் என்றும் பார்ப்பதில்லை, சிங்களவன் என்றும் பார்ப்பதில்லை. ஏழையா என்று மட்டுமே பார்க்கிறது. ஆகவேதான் சொல்கிறோம்: கடலோர அறையைக் கண்டதும் குழாயில் வெந்நீர் வருமா என்று கேட்பதற்கு முன், இந்த மண் எப்படி வந்தது என்று கேளுங்கள்!

மூன்றாவது, மலை.

கடல் வேண்டாம், குளிர்மலை வேண்டும் என்போருக்கு அங்கே மற்றொரு சொர்க்கம் காத்திருக்கிறது. வெள்ளைத் துரைகள் வாழ்ந்த பங்களாக்கள் இன்று ஆடம்பர விடுதிகள். பளிங்குக் குளியலறை, கணப்பு அடுப்பு, வெள்ளிக் கிண்ணத்தில் தேநீர். சன்னலைத் திறந்தால் பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற தோட்டம். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், சரிவின் கீழே ஒரு நீண்ட தகரக்கூரை தெரியும். அதுதான் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவிலே ஒரு குடும்பம். அடுத்த காம்பராவில் அடுத்த குடும்பம். புகையும் இருமலும் எல்லோருக்கும் பொது.

அந்தப் பச்சைப் பட்டை நெய்தவர் யார்? தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஓட்டிச் சென்ற நம் பாட்டன் பாட்டிமார். 1867-ல் லூல்கந்தூரையில் ஜேம்ஸ் டெய்லர் முதல் தேயிலைத் தோட்டம் போட்டார் என்று வரலாறு அவர் பெயரைப் பொறித்திருக்கிறது. அட்டைக்கடியில் கொழுந்து பறித்தவள் பெயரை எந்தக் கல்லிலும் காணோம். 1948-ல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-ல் சிறிமாவும் சாத்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, சந்தையில் ஆடு பிரிப்பதுபோல் பிரித்தனர். ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-ல்தான் அது அரசாணையாயிற்று. பங்களாவில் ஓர் இரவுக்கு விருந்தினர் கொடுக்கும் வாடகை, கீழே கொழுந்து பறிப்பவளுக்குப் பல நாட் கூலி!

துரை போய்விட்டான், துரைத்தனம் போகவில்லை. அதை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். "ஒரு நாள் நீங்களும் துரையாக வாழுங்கள்" என்பதுதான் அந்த விளம்பரத்தின் பொருள். சாதியின் பெயரால் ஒருவன் மேலே, ஒருவன் கீழே என்பதை எதிர்க்கும் இளைஞன், மலையுச்சியில் அமர்ந்து கீழே கூலிக்காரியைக் காட்சியாகப் பார்க்கச் சம்மதிப்பானா?

நான்காவது, வாயிற்படி. 2024 பிப்ரவரியில் உனவட்டுனையில் ஒரு கேளிக்கை விருந்துக்கு விளம்பரம் வந்தது. வெள்ளை உடையில் வரவேண்டும். அது போதாதென்று, முகமும் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று வாயிற்காப்பு விதி! எதிர்ப்பு வெடித்தது, விருந்து கைவிடப்பட்டது. தன் நாட்டுக் கரையில் தன் நாட்டானுக்கே இடமில்லை! நமக்கு இது புதிய செய்தியா? கோயில் வாயிலிலே, அக்கிரகாரத் தெருவிலே, தேநீர்க் கடையின் தனிக்குவளையிலே நாம் கண்ட அதே தீண்டாமைதான். பூணூலைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்திருக்கிறது.

இனி மறுப்புரைகள். "ஓய்வுக்குப் போகிறோம், அங்கேயும் அரசியலா?" என்பர். அரசியலை நாம் அங்கே கொண்டுபோகவில்லை, தோழர்களே. அது நமக்கு முன்பே போய், அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, விளக்கேற்றி வைத்திருக்கிறது. "நாம் போகாவிட்டால் விடுதித் தொழிலாளி வேலை இழப்பானே" என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. வங்குரோத்து நிலையை 2022-ல் கண்ட நாடு அது. பயணிகளின் பணம் அங்கே பல அடுப்புகளை எரிய வைக்கிறது. ஆகவே போகாதீர் என்று நாம் சொல்லவில்லை. பணம் எந்த அடுப்பைச் சேர்கிறது என்று பார்த்துக் கொடுங்கள் என்கிறோம். மதிலுக்குள்ளேயே உணவு, மதிலுக்குள்ளேயே கடை என்று முடிந்துவிட்டால், ஊருக்கு மிஞ்சுவது கழிவுநீர். ஊரார் வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடும் குடும்பத்திடம் தங்கினால், அந்தப் பணம் மீன்காரியிடமும் காய்கறிக் கடையிலும் முச்சக்கர வண்டிக்காரரிடமும் நடக்கிறது. "சிறு விடுதிக்காரன் மட்டும் உத்தமனா?" அல்லன்; ஆனால் அவனை நேருக்கு நேர் கேட்கலாம். அயல்நாட்டில் இருக்கும் பங்குதாரனை எங்கே போய்க் கேட்பது?

ஆகவே, செல்லும் தோழர்களுக்குச் சொல்வோம். பஞ்சாங்கத்தை மூடி, பருவக்காற்றின் படத்தைத் திறவுங்கள். டிசம்பரானால் தென்மேற்குக் கரை; சூலையானால் கிழக்கு. கரையிலே, ஊராருக்கு உரிய வீட்டு விடுதியைத் தேடுங்கள். படையினர் நடத்தும் விடுதி மலிவு என்றால், அந்த மலிவின் விலையை யார் கொடுத்தார் என்று கேளுங்கள். மலைக்குப் போனால், பங்களாப் படியில் ஏறுவதற்கு முன் லயத்துப் படியைப் பாருங்கள். தொழிலாளிக்குக் கூலி என்ன, வீடு எது, நிலம் யாருடையது என்று முகம் பார்த்து வினவுங்கள். ஊர்க்காரனை வாயிலில் நிறுத்தும் விடுதியில் ஒரு குவளைத் தண்ணீரும் அருந்தாதீர்கள்.

ஏன் இத்தனை கேள்வி என்று விடுதிக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்! மேலுலகச் சொர்க்கத்தைக் கேள்வி கேட்டே காலி செய்தவர்கள் நாம். இந்தக் கீழுலகச் சொர்க்கத்தில், அதைக் கட்டியவனுக்கும் ஓர் அறை கிடைக்கும் வரை கேட்போம்!